டிவி கேம் செட், 750 ரூபா: கேமுக்காக வாங்கலாம், துப்பாக்கிய நம்பி வாங்காதீங்க

போன மாசம் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில இந்த டிவி வீடியோ கேம் செட்ட வாங்குனேங்க, ரெண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, ஒரு மஞ்சள் கேசட், எல்லாம் சேத்து 750 ரூபா. எதுக்கு வாங்குனேன்னா நானும் தம்பி பையனும் ராத்திரி சாப்ட்டுட்டு ஹோம்ஸ்டார் ரன்னர் பாப்போம், 2000ல இருந்து நெட்டுல வர்ற கார்ட்டூன், மைக் சேப்மேன், மேட் சேப்மேன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு பண்றது. அதுல பழைய கேம வெச்சுதான் பாதி காமெடி. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், பையன் என் மூஞ்சியவே பாத்துட்டு "இதுல சிரிக்க என்ன பெரியப்பா இருக்குது"ம்பான். அவன் கேசட்ட ஊதி மாட்டுனதே இல்லயே, அவனுக்கு எப்படி புரியும், அத காட்டத்தான் இந்த செட்ட வாங்குனேன்.

அட்டையில 9999 கேம்னு போட்டிருக்குது, எண்ணிப் பாத்தா 60 தேறும், மீதி அதே கேம் வேற பேருல. ஆனா அந்த 60ல டேக் டீம் ரெஸ்லிங் இருந்துச்சு பாருங்க, அதுக்கே காசு சரியாப் போச்சு. அதுல ஒரு டீம் பேரு ஸ்ட்ராங் பேட்ஸ். நம்ம கார்ட்டூன்ல முகமூடி போட்டுட்டு மெயிலுக்கு பதில் சொல்றானே ஸ்ட்ராங் பேட், அந்தப் பேர இங்க இருந்துதான் எடுத்தாங்க. சொன்னதும் பையன் ரிமோட்ட கீழ வெச்சுட்டு "அவனா இவன்"னு கத்துனான். இவங்க முதல் ஹோம்ஸ்டார் கார்ட்டூனே 1996ல சூப்பர் நிண்டெண்டோங்கிற கேம் செட்டுல மரியோ பெயிண்ட்டுங்கிற படம் வரையற கேசட்ட வெச்சு செஞ்சதுதான்னு அப்பறம் சொன்னேன், அன்னைக்கு அவன் தூங்கவே இல்ல.

துப்பாக்கிதான் ஏமாத்தம். வாத்து சுடற டக் ஹன்ட் கேம் போட்டா ஒரு வாத்து கூட விழல, நாய் மட்டும் எந்திரிச்சு சிரிக்குது. ட்ரிகர அமுக்குனதும் ஸ்கிரீன் ஒரு நொடிக்கும் கம்மியா கருப்பாகி வாத்து இருக்கற எடம் மட்டும் வெள்ளக் கட்டமா மின்னும், அந்த வெளிச்சத்த துப்பாக்கி புடிச்சாதான் அடி. எல்இடி டிவியில படம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும், அதனால துப்பாக்கிக்கு எதுவும் தெரியறதில்ல. பாலக்கோட்டுல பெரியம்மா வீட்டு பழைய டப்பா டிவியில மாட்டுனேன், அதே துப்பாக்கி டக்கு டக்குன்னு அடிக்குது. கடைக்காரர் இத முன்னாடியே சொல்லியிருக்கலாம், கேட்டதுக்கு "டிவி எதுன்னு நீங்க சொல்லலயே"ங்கறாரு, மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

ரிமோட் ஒயர் ரொம்ப குட்டை, டிவிக்கு பக்கத்துல தரையில உக்காந்துதான் ஆடணும். ரெண்டாவது ரிமோட்ல பி பட்டன் அப்பப்ப ஒட்டிக்குது, கான்ட்ரா கேம்ல அதனாலயே நாலு உயிர் போச்சு. அடாப்டர் அரை மணி நேரத்துல சூடாவுது, கழட்டி வெச்சுட்டு திருப்பி ஆடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி டிவிக்கு பின்னாடி ஏவி ஒயர் சொருகற மஞ்சள், வெள்ளை ஓட்டை இருக்குதான்னு பாத்துக்குங்க, புது டிவி நெறய இப்ப அது இல்லாமதான் வருது.