சிவப்பு மூடி சிரிஞ்சும் இன்சுலின் பேனாவும்: வார்டிலும் வகுப்பிலும் நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

பொது மருத்துவ வார்டில் செவிலியராகப் பணியாற்றிய காலத்திலும், இப்போது செவிலியர் பயிற்சி மாணவியருக்கு மருந்தியல் கற்பிக்கும்போதும், யூ-40 இன்சுலின் சிரிஞ்சை, அதாவது 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சை, பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். இன்சுலின் பேனா வார்டுகளில் பரவிய பிறகு இரண்டையும் அருகருகே பயன்படுத்தும் வாய்ப்பும் கிடைத்தது. சிரிஞ்சு மிக நல்ல கருவி என்பதே என் முடிவு. ஆனால் எந்தக் குப்பியிலிருந்து மருந்தை எடுக்கிறோம் என்பதைப் பார்க்காமல் அதை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது.

நம் நாட்டில் விற்கப்படும் 10 மி.லி. இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவற்றில் 1 மி.லி.க்கு 40 யூனிட் வீதம் மொத்தம் 400 யூனிட் இருக்கிறது. பேனாவுக்குள் போடும் 3 மி.லி. கார்ட்ரிட்ஜில் 1 மி.லி.க்கு 100 யூனிட் வீதம் 300 யூனிட் இருக்கிறது. அமெரிக்காவில் 1970களிலேயே 1 மி.லி.க்கு 100 யூனிட் என்ற ஒரே செறிவை (யூ-100) நோக்கி நகரத் தொடங்கிவிட்டார்கள். இங்கே இரண்டும் ஒரே வார்டு குளிர்சாதனப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு 40-க்கு உரியது, ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு உரியது.

சிவப்பு மூடி சிரிஞ்சில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அளவுகோடுகள். ஒவ்வொரு சிறு கோடும் ஒரு யூனிட். கேஸ் ஷீட்டில் 14 யூனிட் என்று இருந்தால் பதினான்காவது கோடு வரை எடுத்தால் போதும், மி.லி. கணக்கு எதுவும் தேவையில்லை. 1 மி.லி. கொள்ளும் யூ-100 சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கு இரண்டு யூனிட் என்பதால் ஒற்றைப்படை அளவுகளைக் கோடுகளுக்கு நடுவே உத்தேசமாக நிறுத்த வேண்டியிருக்கிறது. இரவு டியூட்டி வெளிச்சத்தில் அது எளிதல்ல. ஊசி சிரிஞ்சோடு சேர்ந்தே வருவதால் ஊசி முனையில் வீணாகத் தங்கிவிடும் மருந்தும் மிகக் குறைவு.

இதன் பெரிய குறை, மூடியைக் கழற்றிய கணத்தில் நிற அடையாளம் போய்விடுகிறது என்பதுதான். கையில் மிஞ்சுவது குழலின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண் மட்டுமே. 40 யூனிட் குப்பியிலிருந்து யூ-100 சிரிஞ்சில் 40 என்ற கோடு வரை எடுத்தால், கையில் இருப்பது 0.4 மி.லி.; நோயாளிக்குப் போவது 16 யூனிட்தான். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது. பேனா ஊசி தீர்ந்துபோன இரவுகளில் கார்ட்ரிட்ஜிலிருந்தே சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை அப்படி எடுத்தால் 0.25 மி.லி., அதாவது 25 யூனிட் உள்ளே போகிறது. இரண்டரை மடங்கு! இரவு உணவுக்கு முன் போட்ட, குறுகிய நேரம் வேலை செய்யும் பிளெயின் இன்சுலின் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்தை எட்டும் என்பதால், விளக்கணைத்து எல்லோரும் உறங்கும் நேரத்தில்தான் சர்க்கரை சரியும். அந்த நோயாளி புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும்) மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் கைநடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வைதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆகவே இரவுச் சுற்றில் நெற்றியையும் பின்கழுத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் மாணவியர் தடையின்றி ஒப்பிப்பார்கள். இன்சுலினைப் பொறுத்தவரை அளவு என்பதற்குள் செறிவும் அடங்கும் என்பது மட்டும் அதில் ஒலிப்பதில்லை. அதனால் குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒரே மூச்சில் உரக்கப் படித்த பிறகே ரப்பர் மூடியில் ஊசியைக் குத்த வேண்டும் என்று வகுப்பில் விதித்திருக்கிறேன். இன்னொருவர் சரிபார்ப்பதும் கட்டாயம். யூனிட் என்பதை ஆங்கிலத்தின் U என்ற ஒற்றை எழுத்தால் எழுதுவதையும் நான் அனுமதிப்பதில்லை. அந்த எழுத்து சுழியமாகத் தெரிந்தால் 10 யூனிட் 100 ஆகிவிடும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும், யூனிட் கணக்கில் வரும் ஹெப்பாரினுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் 5 மி.லி. குப்பிகள் 1 மி.லி.க்கு 1,000 யூனிட், 5,000 யூனிட் என இரு செறிவுகளிலும் கிடைக்கின்றன.

தெளிந்த இன்சுலினையும் மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்யும் கலங்கலான என்பிஎச் இன்சுலினையும் ஒரே சிரிஞ்சில் எடுக்கும்போது தெளிந்ததை முதலில் எடுக்க வேண்டும். கலங்கலான குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டிக் கலக்க வேண்டும். இந்தக் கைப்பழக்கத்தைச் சிரிஞ்சு கற்றுத்தருவதுபோல் பேனா கற்றுத்தருவதில்லை.

பேனாவைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். பார்வை மங்கிய முதியவர்களுக்கு, திருகும்போது கேட்கும் சொடுக்கு ஒலி பெரும் உதவி. 4 மி.மீ. ஊசியைப் பெரும்பாலான பெரியவர்களுக்குத் தோலைக் கிள்ளிப் பிடிக்காமலே நேராகக் குத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட்டை வெளியே செலுத்தித் துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திய பின் 10 எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. அவசரமான வார்டில் இந்தப் பத்து நொடிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. ஊசியை மாற்றினாலும் ஒருவரின் பேனாவை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது. இரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் பின்னோக்கி ஏறியிருக்கக்கூடும். நோயாளியின் பெயரைப் பேனாவின் உடலில் ஒட்ட வேண்டும், மூடியில் ஒட்டினால் மூடி மாறும்போது பெயரும் மாறிவிடும்.

வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் சிரிஞ்சு வேறு வகையில் சோதிக்கப்படுகிறது. செலவுக்கு அஞ்சி ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஊசி மழுங்குவதோடு அளவுகோடுகளும் அழிகின்றன. டிஸ்சார்ஜ் நாளில் அவர்கள் பழைய சிரிஞ்சையும் குப்பியையும் கொண்டுவரச் சொல்லி, என் கண்ணெதிரே ஒருமுறை மருந்தை எடுக்கச் சொல்வேன். வாயால் விளக்குவதைவிட அது பலமடங்கு பயன் தருகிறது. திறந்த குப்பியைப் பொதுவாக நான்கு வாரங்களுக்கு மேல் வைக்கக் கூடாது, உறையவிடவும் கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் ஈரமான மண்பானைக்குள் வைப்பது வெயில் காலத்திலும் நன்றாகவே உதவுகிறது.

பயிற்சிக்கூடத்துக்கு வாங்குபவர்கள் சிவப்பு மூடியை மட்டும் வாங்கி நிறுத்திவிட வேண்டாம். இரு வகைச் சிரிஞ்சுகளையும், காலாவதியான 40 குப்பி ஒன்றையும், காலியான 100 கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். மூடிகளை எல்லாம் கழற்றிக் கலந்து வைத்துவிட்டு, எது எதற்கு உரியது என்று குழலின் எண்ணைப் படித்தே மாணவியர் பிரிக்கட்டும். அதில் தேறியவரை மட்டும் வார்டுக்கு அனுப்புங்கள்.