கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு வரம்பு: 0.1-ஆ, 0.01-ஆ?

அமெரிக்காவில் 1994 முதல் வேலையிடத்தில் கல்நாருக்கான வரம்பு, ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்கு 0.1 இழை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அதை 0.01 ஆக்கி, 2025 டிசம்பர் வரை உறுப்பு நாடுகளுக்கு அவகாசம் தந்தது. இரண்டும் 8 மணி நேரச் சராசரி.

உயிர்க்கணக்கில் வாதத்துக்கே இடமில்லை. 45 ஆண்டு வேலை பார்த்தால் ஆயிரம் பேரில் கூடுதலாகப் புற்றுநோயில் சாகக்கூடியவர்கள் 2 இழையில் 64, 0.2-இல் 6.7, 0.1-இல் 3.4 பேர். இது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்புத் துறையே போட்ட கணக்கு. ஆயிரத்துக்கு மூன்று சாவு அதிகம் என்று தெரிந்தேதான் அங்கே நிறுத்தினார்கள். அதற்குக் கீழே நம்பி அளக்க முடியாது என்பது காரணம்.

முடிச்சு அந்த அளவையில்தான் இருக்கிறது. ஒளி நுண்ணோக்கியில் இழைகளை எண்ணும் நியோஷ் (அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனம்) 7400 முறைப்படி, காற்றை இழுத்து வடிகட்டும் 25 மி.மீ. ஃபில்டரில் தூசு படியும் பரப்பு 385 ச.மி.மீ. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 200 நிமிடம் இழுத்தால் 400 லிட்டர். காற்றில் 0.1 இருந்தால் ச.மி.மீ.க்கு 104 இழை படியும். எண்ண வசதியான அடர்த்தி. 0.01 என்றால் பத்துதான். நுண்ணோக்கியில் 100 வட்டம் (ஒரு வட்டம் என்பது ஒரு தடவையில் எண்ணும் பரப்பு) பார்த்தாலும் மொத்தம் 8 இழை. கண்டறியும் எல்லையே ச.மி.மீ.க்கு 7. எட்டு எண்ணிய இடத்தில் உண்மை 4 ஆகவும் இருக்கலாம், 15 ஆகவும் இருக்கலாம். காற்றைப் பத்து மடங்கு இழுக்கலாமே என்றால், இடிப்பு வேலையில் சிமென்ட், ஜிப்சம் தூசு ஃபில்டரை மூடிவிடும். ஒரு வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு மறைந்தாலே அந்த வட்டத்தைத் தள்ளிவிட வேண்டும். பெரும்பாலான வட்டங்கள் அப்படியானால் அந்த மாதிரி வீண். போதாக்குறைக்கு, ஒளி நுண்ணோக்கி கண்ணாடி இழையையும் பஞ்சு இழையையும் கல்நாராகவே எண்ணும், 0.25 மைக்ரானுக்கு மெலிந்ததைப் பார்க்கவே பார்க்காது.

ஆகவே என் சாய்வு 0.01 பக்கம், ஆனால் மின்னணு நுண்ணோக்கியோடு சேர்த்து. ஐரோப்பாவும் 2029 டிசம்பருக்குள் அதற்கு மாறச் சொல்கிறது. செலவும் காத்திருப்பும் கூடும்.

ஒன்றில் மட்டும் எனக்கு உறுதியில்லை. பழைய சாவுக்கணக்கெல்லாம் ஒளி நுண்ணோக்கி எண்ணிக்கையிலும், அதற்கும் முந்திய தூசு அளவிலும் எழுந்தது. மெல்லிய இழைகளையும் சேர்த்து எண்ணிய புதிய எண்ணை அதே பழைய சாவு விகிதத்தால் பெருக்கினால் வரும் விடையை நான் நம்பமாட்டேன்.

அதுவரை செய்யக்கூடியது: ஒளி நுண்ணோக்கிக்குக் கால்வாசித் துண்டு போதும். மீதி முக்கால் ஃபில்டரை எறியாமல் மூடி வையுங்கள். எண்ணிக்கை வரம்பை நெருங்கினால் அதிலிருந்தே ஒரு துண்டை மின்னணு நுண்ணோக்கிக்கு அனுப்பலாம்.