ஆப்பைக் காட்டுவதா, தாளைக் காட்டுவதா?

பெங்களூரில் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் கிரிப்டோ பேச்சை வீட்டில் எடுக்க இரண்டு வழி உண்டு. ஆப்பைத் திறந்து பச்சையில் ஓடும் லாபத்தைக் காட்டலாம். அல்லது, வாங்கும் முன்பே ஒரு தாளில் கணக்கெழுதி உட்காரலாம்.

ஆப் சுலபம். பெங்களூர் அல்சூரில் பெற்றோரோடு ஒரே வீடென்றால் சாப்பாட்டு நேரத்திலேயே பேச்சு முடிந்துவிடும். ஆனால் பச்சை நிற்காது. 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், மறு நவம்பரில் 16,000-க்குக் கீழே போனது. லாபத்தைக் காட்டி வாங்கிய சம்மதமும் கூடவே இறங்கிவிடும். தவிர, ஆப்பில் தெரிவது வரிக்கு முந்தைய தொகை.

தாளில் முதலில் வரியை எழுதுங்கள். 1 லட்சம் போட்டு 1.5 லட்சத்துக்கு விற்றால் லாபம் 50,000. அதில் 30 சதவீத வரி 15,000, அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் தீர்வை) 600. விற்கும்போதே விற்ற தொகையில் 1 சதவீதம், 1,500, டிடிஎஸ்ஸாக (முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் அது கழிந்துவிடும். அப்பாக்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் அடுத்ததுதான்: இன்னொரு காயினில் 40,000 நஷ்டமென்றால் அதைக் கழிக்க முடியாது. கையில் நின்ற லாபம் 10,000, கட்டும் வரி 15,600.

"அப்பாவுக்கு வருமானமில்லை, அவர் பேரில் போட்டால் வரி வராது" என்பதும் தப்பு. இந்த லாபத்துக்கு அடிப்படை விலக்கு வரம்பு கிடையாது.

சட்டம் பற்றிக் கேட்பார்கள். கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தராமல் வங்கிகளைத் தடுத்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. வாங்க, விற்கத் தடையில்லை. ஆனால் எஃப்டிக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, இதற்கு இல்லை. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். செய்தியில் அவர்களாகப் பார்த்தால் உங்கள் பேச்சு எடுபடாது.

ஈரோடு, சேலம் பக்கத்துப் பெற்றோரென்றால் "ஈமு கோழி மாதிரியா?" என்ற கேள்வி நிச்சயம்; மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்லி ஏமாற்றிய அந்த முதலீட்டு மோசடியைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாதம் இவ்வளவு தருவோம் என்று எந்த டெலிகிராம் குழுவாவது சொன்னால் அது ஈமு கோழியேதான் என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்குத் தாளைப் படமெடுத்து முதல்நாளே அனுப்பிவிட்டு மறுநாள் கூப்பிடுங்கள். சொந்த வாலட்டைத் (கிரிப்டோ வைக்கும் டிஜிட்டல் பர்ஸ்) திறக்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். எழுதி, பீரோவில் பத்திரத்தோடு வைக்கச் சொல்லுங்கள்.