கென்டேயா, போகோலானா: சுவரில் தொங்கவிட எது?

மேற்கு ஆப்பிரிக்கக் கைத்தறித் துணி ஒன்றைக் கூடத்துச் சுவரில் நிரந்தரமாகத் தொங்கவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு பெயர்களே வந்து நிற்கின்றன: வண்ண இழைகளால் நெய்யும் கானாவின் கென்டே, சேற்றால் கோலமிடும் மாலியின் போகோலான். கானாவின் தலைநகரான அக்ராவில் குடியிருக்கும் நான் இரண்டையும் விரித்துப் பார்த்து, விலை கேட்டு, கடைசியில் போகோலானையே சுவருக்கு எடுத்தேன். உடுத்துவதற்கென்று ஒரு கென்டே ஏற்கெனவே பீரோவில் இருக்கிறது. அதைப் பராமரித்துப் பெற்ற அனுபவம்தான் இந்தத் தேர்வை முடிவுசெய்தது என்பதால், இந்த அலசல் போகோலான் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எது அழகு என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. பொன்மஞ்சளும் பச்சையும் சிவப்புமான கென்டே உள்ளே நுழைபவரை உடனே இழுத்துவிடும். கறுப்பும் பழுப்பும் வெள்ளையுமான போகோலான் சற்று ஒதுங்கியே நிற்கும். பெருமையிலும் கென்டேக்குக் குறைவில்லை. கானாவின் குமாசி நகருக்கு அருகிலுள்ள பொன்விரே ஊர் நெசவாளர்கள் அசாந்தே இன அரசர்களுக்காக நெய்த துணி அது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்த பட்டுத் துணிகளைப் பிரித்து, அந்த இழைகளைக் கொண்டே புதிதாக நெய்திருக்கிறார்கள். விடுதலை பெற்ற கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ருமா அதை உடுத்தி உலகத் தலைவர்கள் நடுவே நின்றார். 2024இல் யுனெஸ்கோ அந்த நெசவுக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடைவீதிகளில் மலிவாகக் கிடைக்கும் அச்சுக் கென்டேயை நான் இங்கே கணக்கில் எடுக்கவில்லை. ஏறத்தாழ நான்கு விரற்கடை அகலப் பட்டைகளாக நெய்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்த துணியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

போகோலான் உருவாகும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் பராமரிப்பு எளிதாக இருப்பதற்கான காரணம் அதன் செய்முறையிலேயே இருக்கிறது. மாலியின் பமனா மக்களிடையே பருத்தியைப் பெண்கள் கையால் நூற்பார்கள், ஆண்கள் குறுந்தறியில் பட்டைகளாக நெய்து தைப்பார்கள், சாயமிடும் வேலை மறுபடியும் பெண்களிடம் வரும். ங்கலாமா என்ற மரத்தின் இலைச்சாற்றில் தோய்த்து வெயிலில் உலர்த்தினால் துணி மஞ்சளாகிறது. அந்த மரம் நம் கடுக்காய் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையில் துவர்ப்பு மிகுதி. குளத்து அடிச்சேற்றைப் பானையில் போட்டு மாதக்கணக்கில், சிலர் ஓராண்டு வரையிலும் புளிக்கவைத்து, அதைத் தொட்டு மஞ்சள் துணியின்மேல் வரைகிறார்கள். சேற்றிலுள்ள இரும்பும் துணியிலுள்ள துவர்ப்பும் சேர்ந்து இழைக்குள்ளேயே கருமையாகின்றன. கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலைத் தொட்டு நம் கலம்காரிக்காரர்கள் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வினையால்தான். மிஞ்சிய சேற்றைக் கழுவிவிட்டு, மறுபடியும் இலைச்சாறு, மறுபடியும் சேறு என்று கருமையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் காரம் மிகுந்த சோப்பைப் பூசி, வரையாமல் விட்ட மஞ்சளை வெளுக்கிறார்கள்.

ஆகவே போகோலானில் நம் கண்ணில் படும் வெள்ளைக் கோடு யாரும் வரைந்த கோடன்று. இரண்டு பக்கமும் கறுப்பைப் பூசிவிட்டு நடுவே விட்ட இடைவெளிதான் அது. வாங்கும்போது இதை நெருங்கிப் பார்க்கலாம். கைவேலையில் அந்தக் கோடு ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும், ஓரத்தில் மங்கலான மஞ்சள் எட்டிப்பார்க்கும். எல்லாக் கட்டங்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தால், தகட்டு வார்ப்புருவை வைத்து விரைவாகத் தீட்டிய துணி என்று எடுத்துக்கொள்ளலாம்; அது மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன், விலை மட்டும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

இனி பராமரிப்புக்கு வருகிறேன். அக்ராவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து வீசும் ஹார்மட்டான் காற்று மாவுபோன்ற புழுதியைக் கொண்டுவந்து கதவு இடுக்கு வழியாகவும் வீட்டுக்குள் சேர்த்துவிடும். அது முடிந்த கையோடு மழைக்காலத்துப் புழுக்கம் தொடங்கும். சுவரில் விரிந்து தொங்கும் துணி இரண்டையும் மாறி மாறித் தாங்கியாக வேண்டும். கென்டேயில் சாதாரண நெசவுப் பகுதிக்கும், குறுக்கிழை (ஊடை) நெடுக்கிழையை (பாவு) முழுதாக மறைத்துக் கட்டமாக எழும்பும் பகுதிக்கும் தடிப்பு வேறுபடுகிறது. அந்தக் கட்டங்களின் விளிம்பில் புழுதி போய் அடைந்துகொள்கிறது, அழுத்தித் துலக்கினால் மேலே மிதக்கும் இழைகள் தூக்கிக்கொள்கின்றன. துவைக்கலாம் என்றால், இப்போது பெரும்பாலும் புழங்கும் ரேயான் நூல் நனைந்தவுடன் வலுவிழக்கிறது. சிவப்பிலிருந்து சாயம் இறங்கிப் பக்கத்து மஞ்சளில் ஏறுகிறது. தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் தையலோரம் சுளித்துக்கொள்கிறது. கானாவில் பலர் கென்டேயைத் துவைக்காமல், விசேஷத்துக்கு உடுத்திய பின் காற்றாட உலர்த்தி மடித்து வைப்பதற்குக் காரணம் இதுதான். பெட்டியில் இருந்து நல்ல நாளில் வெளியே வரும் துணிக்கு அந்த முறை போதும். ஆண்டு முழுதும் புழுதியில் தொங்கும் துணிக்குப் போதாது.

போகோலானுக்கு இந்தத் தொல்லை குறைவு. முற்றத்தில் உதறி, மென்மையான தூரிகையால் பட்டையின் போக்கிலேயே தட்டிவிட்டால் புழுதி பெருமளவு போய்விடும். காற்றுக்காலம் முடிந்தபின் குளிர்ந்த நீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்துகிறேன். முதல் அலசலில் நீர் பழுப்பாக இறங்கியது, அடுத்தடுத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. கையால் நூற்ற தடித்த பருத்தி என்பதால் நனைந்தாலும் வடிவம் கெடவில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: எலுமிச்சை, புளி, வினிகர் போன்ற புளிப்பு எதுவும் அதன்மேல் படக்கூடாது, பட்ட இடத்தில் இரும்பின் கருமை கரைந்து வெளிறிவிடும். வெளுப்புத்தூளையும் கிட்டே கொண்டுவரக் கூடாது.

குறையும் உண்டு. கருமையைத் தருகிற அதே இரும்பு, நீண்ட காலத்தில் பருத்தி இழையை அரித்து நொறுங்கச் செய்யும். பழைய துணிகளைக் காக்கும் அருங்காட்சியகங்களுக்கு இது பழகிப்போன தலைவலி. பேரப்பிள்ளைகள் வரைக்கும் போக வேண்டும் என்று வாங்குபவர்கள் இதை மனத்தில் கொள்ளட்டும். என் அனுபவம் சில ஆண்டுகளுக்கு உட்பட்டது, அதுவும் வெயில் நேராக விழாத சுவரில். கானாவின் கிழக்குப் பகுதியில் வாழும் எவே மக்கள் பருத்தியில், சற்று மட்டான நிறங்களில் நெய்யும் கென்டே நான் சொன்ன குறைகளில் பலவற்றிலிருந்து தப்பிவிடக்கூடும். அதை வீட்டில் வைத்துப் புழங்கிப் பார்த்ததில்லை. மறுவிற்பனை என்று வந்தால் கானாவுக்குள் கென்டேயின் கைதான் ஓங்கியிருக்கும் என்று நினைக்கிறேன், திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அதைத் தேடுபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணின் உடலுக்கும் காட்டுக்குப் போகும் வேடனின் உடலுக்கும் காப்பாக அணியப்பட்ட துணியை நாம் சுவரில் மாட்டுகிறோம். பமனா பெண்கள் இன்று விற்பதற்கென்றே தீட்டுகிறார்கள் என்பதால் எனக்கு இதில் பெரிய உறுத்தல் இல்லை. உறுத்தல் உள்ளவர்கள் புதிதாகத் தீட்டியதையே கேட்டு வாங்கலாம்.

நிறத்துக்காகக் கென்டேதான் வேண்டும் என்பவர்கள் முழுத் துணியை வாங்கிச் சுவரில் வதைக்க வேண்டியதில்லை. பொன்விரேயில் ஒற்றைப் பட்டையாகவே நெய்து தருகிறார்கள். அதில் ஒன்றிரண்டை வாங்கி, கண்ணாடி துணியைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிட்டால் புழுதியும் அண்டாது, துவைக்கும் பேச்சும் எழாது.