ஒப்பாரி: அழுதுகொண்டே பாடுவதா, அழுகையைக் குரலில் வைப்பதா?

ஒப்பாரி பாடும் பெண்களில் இரண்டு வழிக்காரர்கள் உண்டு. ஒருவர் நிஜமாகவே அழுதுகொண்டு பாடுவார். கண்ணீர் வரும், குரல் உடையும், பாட்டு போகிற போக்கில் போகும். இன்னொருவர் கண்ணீரைத் தள்ளிவைத்துவிட்டு, அழுகையின் ஓசையை மட்டும் குரலுக்குள் கொண்டுவருவார். மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கேத வீடுகளில், தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரே வட்டத்திலேயே இரண்டையும் கேட்கலாம். நான் எடுத்துக்கொண்டது இரண்டாவது வழி. பாட வரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

முதல் வழிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பெற்ற தாய் கிடக்கும்போது மகள் மூச்சை அளந்து பாட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அவள் வாயில் வருகிற நாலு சொல் போதும், கூடியிருக்கிறவர்கள் கலங்கிவிடுவார்கள். அந்த இடத்தில் நுட்பம் பேசுவதே தப்பு. ஆனால் அவள் நாலு அடிக்குமேல் போக மாட்டாள். பாட்டை வாங்கிக்கொண்டு போக இன்னொருத்தி வேண்டும். அந்த இன்னொருத்தியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

எல்லாம் மூச்சில் வந்து நிற்கிறது. அழும்போது உடம்பு அதிகக் காற்றைக் கேட்கும், அதற்காகக் குரல்வளையின் வாய் அகலமாகத் திறந்துகொள்ளும். விழுங்கும்போதோ அது மூடியாக வேண்டும். திறப்புக்கும் மூடலுக்கும் நடுவில் இழுபடுவதால்தான் தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி இருக்கிறது. பாடுவதற்கும் குரல்நாண்கள் நெருங்கி வந்தாக வேண்டும். ஒரு பெண் சாதாரணமாகப் பேசும்போதே அவை விநாடிக்குச் சுமார் 200 முறை அதிர்கின்றன. ஒப்பாரியின் முதல் அடியை உச்சத்தில் எடுத்தால் அது இரட்டிப்பை நெருங்கும். திறந்து கிடக்கும் தொண்டையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. போதாததற்கு விம்மல் வேறு. மூச்சு துண்டு துண்டாகத்தான் உள்ளே வரும்.

ஒப்பாரி மெட்டைக் கவனித்தால் அது பெரும்பாலும் நாலைந்து சுரத்துக்குள் அடங்கிவிடும். மேலே தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசி உயிரெழுத்தை ஏகாரமாகவோ ஓகாரமாகவோ இழுத்துக் கீழே விடுவது. ஓர் அடிக்கு ஒரு மூச்சு. இழுவை முடிகிற இடத்தில் காற்று தீர்ந்திருக்கும், அங்கேதான் அடுத்த மூச்சை எடுக்க வேண்டும். தேர்ந்த பாடகி அந்த மூச்சைச் சத்தமில்லாமல் எடுக்க மாட்டாள். தொண்டையைக் கொஞ்சம் நெருக்கி, ஓசையோடு உள்ளே இழுப்பாள். கேட்பவருக்கு அது கேவல், பாடுகிறவளுக்கு அடுத்த அடிக்கான காற்று. ஒரே செயலில் துக்கமும் வெளிப்படுகிறது, நெஞ்சும் நிறைகிறது. இதைப் பழகிவிட்டால் மணிக்கணக்கில் பாடலாம். என் அப்பத்தா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பாட்டு இல்லை, இந்த மூச்சுதான். “அழுறதுக்கு ஊரே வந்திருக்கு ஆத்தா, நீ அடிய விடாத” என்பார்.

இது நம் ஊரில் மட்டும் உள்ளது இல்லை. அமெரிக்க மானிடவியலாளர் கிரெக் அர்பன், பிரேசில் பழங்குடி மக்களின் சடங்கு அழுகையை ஆராய்ந்து 1988-இல் எழுதியபோது, அழுகையின் அடையாளங்களாக நான்கைச் சொன்னார்: குரல் சட்டென்று உடைவது, மூச்சை ஓசையோடு உள்ளிழுப்பது, குரல் கரகரப்பது, உயிரெழுத்து கள்ளக்குரலுக்கு, அதாவது இயல்பான குரலைத் தாண்டிய மெல்லிய உச்சக் குரலுக்கு, எகிறுவது. நம் பெண்களிடம் நான்கும் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் போட மாட்டார்கள். குரல் உடைவதை உறவுமுறைச் சொல்லில் வைப்பார்கள், “என்னப் பெத்த அம்மா” என்பதில் ‘அம்மா’வில் உடையும். பேர், ஊர், செய்தி வரும் இடத்தில் குரல் தெளிவாக நிற்கும்.

அது ஏன் முக்கியம் என்றால், ஒப்பாரியில் சேதி இருக்கிறது. பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணியோடு ஆட்கள் வாசலில் ஏறும்போது, அண்ணன் வந்ததைச் சொல்ல வேண்டும், செத்தவர் பாடுபட்ட காட்டைச் சொல்ல வேண்டும், வராதவரையும் சொல்ல வேண்டும். வெளியே பறை முழங்கிக்கொண்டிருக்கும். நிஜ அழுகையில் வல்லெழுத்தெல்லாம் கரைந்துபோய் ஆ, ஓ என்று மட்டும்தான் தெருவுக்குப் போகும். நாட்டுப்புறப் பாடகிகள் கொல்லங்குடி கருப்பாயியையும் பரவை முனியம்மாவையும் கேட்டவர்களுக்குத் தெரியும், திறந்த நெஞ்சுக்குரலில் சொல் ஒவ்வொன்றும் எப்படித் தனித்தனியாக விழும் என்று. ஒப்பாரிக்கும் அந்த வாய்தான் வேண்டும்.

தொண்டையைக் காப்பாற்றுவதிலும் இதே கதைதான். அழுதுகொண்டு பாடியவருக்கு மறுநாள் குரல் கட்டிக்கொள்ளும். வீங்கிய குரல்நாண்கள் சரியாகச் சேராது, காற்று ஒழுகும். அதை வைத்துக்கொண்டு கருமாதிக்கும் பாடினால் குரல் தேற நாளாகும்.

துக்கத்தை அடக்கிப் பாடினால் பாட்டு பொய்யாகிவிடாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. பாடுகிறவளுக்கும் அந்த வீட்டோடு உறவு உண்டு, அவளுக்கும் இழப்பு உண்டு. செத்தவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகு அவள் தன் அழுகையை அழுதுகொள்கிறாள், அவ்வளவுதான். சிலருக்கு அப்படித் தள்ளிப்போடுவது ஒத்துக்கொள்ளாது. அவர்களை நான் வற்புறுத்த மாட்டேன்.

மேடைக்கு வந்தால் கணக்குக் கொஞ்சம் மாறும். மைக் இருப்பதால் தாழ்ந்த, உடைந்த குரலும் கடைசி வரிசைவரை போகும், அதனால் முதல் வழிக்காரருக்கு அங்கே பலம் கூடும். ஓசையோடு இழுக்கும் மூச்சு மைக்கில் இரைச்சலாகக் கேட்கும், அந்த நேரம் முகத்தை லேசாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். வட மாவட்டங்களில் ஆண்கள் குழுவாக இரவு முழுக்கப் பாடும் ஒப்பாரியை நான் கேட்டிருக்கிறேனே தவிர, பாடியதில்லை. ஆண் குரலுக்கு இதே மூச்சுக்கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பழகத் தொடங்குகிறவர்கள் தாலாட்டிலிருந்து வரலாம். அதிலும் அடி மேலே தொடங்கி இறங்கும், கடைசி உயிர் இழுபடும், கேவல் மட்டும் இருக்காது. இழுவையை ஒரே மூச்சில் முடிக்க வந்த பிறகு அந்த மூச்சுக்கு ஓசை சேர்த்தால் போதும்.