நீல டேப்புக்குள் நின்று போடக்கூடாதாம்: பத்து வார ஷூட்டிங் வகுப்பு எப்படி இருந்தது

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் ஒரு பாஸ்கெட்பால் பயிற்சிக் கூடத்தில் என் மகளைப் பத்து வார ஷூட்டிங் வகுப்பில் சேர்த்திருந்தேன், போன சனிக்கிழமையோடு முடிந்தது. கூடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நான் விசாரித்த மற்ற இரண்டு இடங்களிலும் பாடம் கிட்டத்தட்ட இதேதான், அதனால் பெயர் தெரிந்து யாருக்கும் பெரிய லாபமில்லை. ஆனால் பிள்ளைகளை இந்த மாதிரி வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காசு. பத்து வகுப்புக்கு 380 டாலர், ஒவ்வொன்றும் 75 நிமிடம். ஒரு வாரம் காய்ச்சலில் போக முடியவில்லை, அதற்கு ஈடு வகுப்பும் கிடையாது, பணமும் திரும்ப வராது என்றார்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் அது இருந்ததாம், இருந்திருக்கும். நல்ல மரத்தரை, ஏசி, ரிங்கில் கிழியாத வலை, பெண் பிள்ளைகளுக்கான சின்னப் பந்து தனியாக ஒரு ரேக் நிறைய. ஒன்பது பிள்ளைகளுக்கு இரண்டு ரிங், அதில் ஒன்றில் போட்ட பந்தை வலைக்குள் வாங்கித் திருப்பி எறியும் மெஷின். அது இருப்பதால் வரிசையில் நிற்கும் நேரம் குறைவு. பெற்றோர் உட்கார நாலு நாற்காலிதான், முதலில் வருபவருக்கே இடம்.

அடுத்து கோச். ஆள் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. என் மகளுக்குப் பந்தைத் தூக்கும்போது இடது கை குறுக்கே வந்து பந்தைத் தள்ளிவிடும் பழக்கம் இருந்தது. நான் ஒரு வருடமாகச் சொல்லியும் போகாதது. ரிங்குக்கு நாலடி தள்ளி நிற்க வைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் மட்டும் போடச் சொன்னார், இரண்டு வகுப்பு முழுக்க இதுதான். மூன்றாவது வாரம் இரண்டு கையும் சேர்ந்தபோது பந்து நேராகப் போனது. பாஸ் வருவதற்கு முன்பே முட்டியை மடக்கித் தயாராக நிற்பது, பந்து கையை விட்ட பிறகும் மணிக்கட்டை அப்படியே தொங்க விடுவது, இதெல்லாம் இப்போது யோசிக்காமலே செய்கிறாள். கொடுத்த காசில் பாதி இதற்கே சரியாகப் போயிற்று.

என் பிரச்சினை நாலாவது வாரம் ஆரம்பித்தது.

அன்று போனால் தரையில் நீல டேப். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சுவரோரம் ஒட்டுவார்களே, அதே டேப். ரிங்குக்குக் கீழே இருக்கிற கட்டத்தைச் சுற்றி ஒரு கோடு, திரீ பாயிண்ட் கோட்டுக்கு ஒட்டி உள்பக்கமாக இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் முழுக்கத் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்குள் நின்று பந்தைப் போட்டால், விழுந்தாலும் விழாவிட்டாலும், ஐந்து புஷ்-அப். ஒன்று கோட்டுக்கு வெளியே நின்று மூன்று புள்ளிக்குப் போடு, இல்லையென்றால் ரிங் வரைக்கும் ஓடி, கிட்டப் போய் எம்பி லே-அப் போடு. நடுவில் நிற்கவே கூடாது. சுவரில் ஒரு டிவி, அதில் கேமரா எண்ணிச் சொல்லும் கணக்கு, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே ஒரு ஷாட்டுக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று.

கணக்கு சரிதான், அதை மறுக்க மாட்டேன். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் மூன்று புள்ளி ஷாட் நூறுக்கு முப்பத்தாறு அளவில் விழுகிறது, அதாவது நூறு தடவை போட்டால் 108 புள்ளி. நடுத் தூரத்தில் ஒன்றுக்கு இரண்டு புள்ளி, நூறுக்கு நாற்பத்திரண்டு விழுந்தாலும் 84 புள்ளிதான். ஈடு கட்ட வேண்டுமென்றால் ஐம்பத்து நாலு விழ வேண்டும், அப்படிப் போடத் தெரிந்தவர்களை உலகத்திலேயே விரல் விட்டு எண்ணலாம். இந்தக் கூட்டல் கழித்தல் லீக்குக்கு முழுதாகப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. 1979-80 சீசனில் கோடு வந்தபோது ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று தடவைகூட அங்கிருந்து போடவில்லை. 2024-25-இல் அது 37-ஐத் தாண்டிவிட்டது. மூலையில் நின்றால் இன்னும் லாபம், ரிங்குக்கு நேரெதிரே 23 அடி 9 அங்குலம் இருக்கிற கோடு மூலையில் 22 அடிதான், ஆனால் புள்ளி அதே மூன்று.

அதுவும் இது ஹூஸ்டன். டேரில் மோரே மேலாளராகவும் மைக் டி'ஆன்டோனி கோச்சாகவும் இருந்தபோது இந்த ஊர் ராக்கெட்ஸ் அணிதான் இந்தக் கணக்கை அதன் கடைசிப் படி வரைக்கும் கொண்டுபோனது. 2017-18-இல் ஆட்டத்துக்கு 42 தடவை மூன்று புள்ளிக்குப் போட்டார்கள், இரண்டு புள்ளி ஷாட்களைவிட மூன்று புள்ளி ஷாட்கள் அதிகம் எடுத்த முதல் அணி. 65 ஆட்டம் ஜெயித்தார்கள், ஜேம்ஸ் ஹார்டனுக்கு எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. எங்கள் கோச்சின் சட்டையில் ராக்கெட்ஸ் சின்னம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

2018 மே 28-ஆம் தேதி என்ன நடந்தது என்று இந்த ஊரில் இருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொல்வார்கள். சீசன் முடிந்து வரும் நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃப்பில் கோல்டன் ஸ்டேட்டோடு ஏழாவது, தொடரை முடிவு செய்யும் ஆட்டம், பாதி நேரத்தில் 54-43 என்று ராக்கெட்ஸ் முன்னால். ஆனால் இரண்டாவது குவார்ட்டரிலேயே மூன்று புள்ளிக்குப் போட்டதெல்லாம் வெளியே போக ஆரம்பித்திருந்தது, நாலாவது குவார்ட்டர் வரைக்கும் அது நிற்கவில்லை. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக 27. மொத்தம் 44 போட்டு 7 விழுந்தது, 92-101 என்று தோற்றார்கள். அந்த அணியில் நடுத் தூரத்தில் நின்று நிதானமாகப் போடுவதில் கைதேர்ந்தவரான கிறிஸ் பால் தொடைத் தசைப் பிடிப்பால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓட்டம் நின்றுவிட்டது, பந்து விழவில்லை, அந்த நேரத்தில் போர்டிலிருந்து பதினைந்தடியில் இருக்கிற ஃபிரீ த்ரோ கோட்டு ஓரத்தில் நின்று ஒரு ரெண்டு புள்ளி எடுத்து மூச்சு விட ஓர் ஆள் இல்லை.

இதைச் சொன்னால் கணக்குக்காரர்கள் உடனே, வழக்கமான அளவுக்கு விழுந்திருந்தால் ஜெயித்திருப்பார்களே, இன்னும் மூன்று நாலு போதுமே என்பார்கள். உண்மைதான். அன்று கோல்டன் ஸ்டேட்டும் 16 மூன்று புள்ளி போட்டுத்தான் ஜெயித்தது, அதையும் மறைக்கக் கூடாது. அதனால் மூன்று புள்ளி தோற்றது என்று நான் சொல்ல வரவில்லை. சராசரி என்பது ஒரு சீசனின் எண்பத்திரண்டு ஆட்டத்துக்கு. ஏழாவது ஆட்டத்தில் நாலாவது குவார்ட்டரில் கையில் பந்து இருக்கிறவனுக்கு அந்த ஒரு ஷாட்தான் இருக்கிறது, எதிரணி எதை விட்டுக்கொடுக்கிறதோ அதுதான் அவனுக்குக் கிடைக்கும்.

எதிரணி எதை விட்டுக்கொடுக்கும்? இங்கேதான் அந்த வகுப்பு பதில் சொல்லவில்லை. எல்லோரும் மூன்றும் லே-அப்பும் மட்டும் தேடினால், தடுக்கிறவனும் அந்த இரண்டை மட்டும் அடைப்பான். ஸ்க்ரீன் வைத்ததும், அதாவது கூட்டாளி குறுக்கே நின்று தடுக்கிறவனை மறித்ததும், எதிரணியின் உயரமான ஆள் பின்வாங்கி ரிங்குக்குக் கீழே போய் நிற்கிறான், பந்து வைத்திருப்பவரைத் துரத்துகிற சின்ன ஆள் கோட்டில் போட விடாமல் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருகிறான். இரண்டு பேருக்கும் நடுவே, ஃபிரீ த்ரோ கோட்டுப் பக்கம் ஒரு சின்ன அறை அளவுக்குக் காலி இடம். டேப் ஒட்டின அதே இடம். ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 2024-25-இல் ஆட்டத்துக்கு 32.7 புள்ளி எடுத்து, எம்விபியும் வாங்கி, ஓக்லஹோமா சிட்டிக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்ததில் பெரிய பங்கு அந்த அறைக்குள் போய் டக்கென்று நின்று போட்டதுதான். அதே பிளே-ஆஃப்பில், ஆட்டத்துக்கு 48 மூன்று புள்ளி போட்டுக்கொண்டிருந்த பாஸ்டன், நியூயார்க்கோடு முதல் ஆட்டத்தில் 60 போட்டு 45-ஐத் தவறவிட்டு, 20 புள்ளி முன்னிலையையும் தொலைத்தது. (அதற்கு முந்தைய வருடம் இதே வழியில்தான் கோப்பை ஜெயித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் ஒரு பக்கமாகத் தீர்ப்பு எழுத முடியாது, அதனால்தான் டேப் ஒட்டியது எனக்கு எரிச்சல்.)

சரி, என்பிஏ கதை எதற்கு, பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏழாவது வாரம் அவளுக்குப் பள்ளியில் ஒரு மேட்ச். கோட்டுக்கு வெளியே பந்து வாங்கினாள், எதிரணிப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தாள், இவள் அழகாக ஏமாற்றி பந்தை ஒரு தடவை தரையில் தட்டி உள்ளே போய்விட்டாள். ஃபிரீ த்ரோ கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நிற்கிறாள், சுற்றி யாரும் இல்லை, உயரமான பெண் ரிங்குக்குக் கீழேயே நிற்கிறாள். போட வேண்டியதுதானே? குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு பந்தைத் திரும்ப வெளியே எறிந்தாள், அது எதிரணிக்காரி கையில் போய் விழுந்தது.

காரில் வரும்போது ஏன் போடவில்லை என்று கேட்டேன். "அங்க போட்டா அஞ்சு புஷ்-அப், அப்பா" என்றாள். சிரிக்கவில்லை, யோசிக்காமல் வந்த பதில். மேட்சில் டேப் கிடையாது என்று அவளுக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த வாரம் கோச்சிடம் பேசினேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். கெட்ட பழக்கம் முதலில் போகட்டும், நடு ஷாட்டை அடுத்த நிலை வகுப்பில் சொல்லித் தருவோம் என்றார், அது 520 டாலர். நான் நம்புவது நேர் எதிர் வரிசை. இந்த வயதில் பத்தொன்பதே முக்கால் அடியில் இருக்கிற பள்ளிக்கூடத் திரீ பாயிண்ட் கோடே பல பிள்ளைகளுக்குத் தூரம். பலம் போதாமல் இடுப்பிலிருந்து பந்தைத் தூக்கி எறிகிறார்கள், முதல் மூன்று வாரம் அவரே கஷ்டப்பட்டுத் திருத்திய கை மறுபடி கோணுகிறது. என் மகளுக்குக் கோணவில்லை, கொஞ்சம் உயரமானவள். பக்கத்தில் நின்ற ஒல்லிப் பையனுக்குக் கோணியதைக் கண்ணால் பார்த்தேன், டிவியில் அவன் பெயருக்கு எதிரே எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பத்தடி, பன்னிரண்டடி, பதினைந்தடி என்று படிப்படியாகப் பின்னால் நகர்வதுதானே வழி? திருச்சியில் நான் பள்ளிக்கூடத்தில் ஆடிய சிமெண்ட் கோர்ட்டில் எங்கள் பிஇடி சார் அதைத்தான் செய்ய வைத்தார், அவருக்கு டிவியும் இல்லை, டேப்பும் இல்லை, ரிங்கே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை மூலையிலிருந்து 25 போட்டு 4 விழுந்த பெண்ணுக்குப் பத்தாவது வாரம் 10 விழுந்தது. ஆள் இல்லாத கோர்ட்டில்தான், இருந்தாலும் சின்ன விஷயமில்லை. பள்ளி கோச்சும் அவளை இப்போது மூலையில் நிறுத்துகிறார், அவளைத் தேடிப் பாஸ் வருகிறது. வகுப்பு வீண் என்று சொன்னால் பொய்.

ஆக ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். கை வளைந்துபோன பிள்ளைகளுக்கு முதல் மூன்று வாரத்துக்காகவே சேர்க்கலாம். சேர்க்கும் முன் நாலாவது வாரத்திலிருந்து என்ன பாடம், தரையில் ஏதாவது ஒட்டுவீர்களா என்று கேட்டுவிடுங்கள், எட்டு வயது ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். அடுத்த நிலைக்கு 520 கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பதிலாக ஞாயிறு காலையில் வெயில் ஏறும் முன் வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன். போன வாரம் ரிங்குக்குப் பக்கவாட்டில் பத்தடியில் நிறுத்தி, போர்டில் வரைந்திருக்கிற சதுரத்தின் மேல் மூலையில் அடிக்கச் சொன்னேன். முதல் நாலும் ரிங்கைக்கூடத் தொடவில்லை, ஐந்தாவது போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. திரும்பிப் பார்த்து, "நீங்கதானே போடச் சொன்னீங்க, அஞ்சு புஷ்-அப் நீங்க எடுங்கப்பா" என்றாள். மூன்று எடுத்தேன்.