பறவை பார்ப்போர் குழுவில் ஏழு வருடம்

2018 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு சிங்காநல்லூர் குளக்கரையில் போய் நின்றேன். கழுத்தில் புது பைனாகுலர், 20×50. எண் பெரிதாக இருந்தால் பறவையும் பெரிதாகத் தெரியும் என்று நம்பி வாங்கியது. கண்ணில் வைத்தால் குளமே நடுங்கியது. கூழைக்கடா எவ்வளவு பெரிய பறவை, அதைக்கூட வட்டத்துக்குள் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்து, "இதுல பாரு கண்ணு" என்றார். அது 8×42. எட்டு மடங்குதான் காட்டும். கை நடுக்கம் தெரியாது. முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் விட்டம் என்பதால் விடிகாலை மங்கலிலும் வெளிச்சம் போதும். சேர நினைக்கிறவர்கள் முதல் இரண்டு மாதம் வெறுங்கையோடு போங்கள். நாலு பேருடையதை வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் காசைச் செலவழிக்கலாம்.

குழுவின் பெயர் வேண்டாம். குறையும் சொல்ல இருக்கிறது. கோவையில் இருக்கிறது, வருடச் சந்தா ஐந்நூறு ரூபாய். மாதத்தின் முதல் ஞாயிறு குளக்கரை நடை, மூன்றாவது சனிக்கிழமை மாலை ஒரு பள்ளி வகுப்பறையில் கூட்டம்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டங்களில் பாதி வீண் என்றுதான் சொல்வேன். யாராவது கென்யாவுக்கோ லடாக்குக்கோ போய்வந்து இருநூறு படம் காட்டுவார்கள். ஆளுக்கொரு "சூப்பர் சார்" சொல்லிவிட்டு டீக்குப் போய்விடுவோம். ஆனால் மீதிப் பாதிக்காகப் போகத்தான் வேண்டும். ஒரு கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் வல்லூறு என்ற வேட்டைப் பறவையையும் அக்காக்குயிலையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். அக்காக்குயில் நிறத்திலும், வால் பட்டையிலும், பறந்துவந்து கிளையில் அமரும் தோரணையிலும்கூட வல்லூறு மாதிரியே இருக்கும். அக்காக்குயிலைக் கண்டால் வல்லூறு என்று தவிட்டுக்குருவிகள் பதறும். அது முட்டையிடுவதோ அந்தத் தவிட்டுக்குருவிகளின் கூட்டில்தான். அதுவரை நான் வல்லூறு என்று எழுதிவைத்ததில் எத்தனை குயிலோ!

ஞாயிறு நடை அப்படியில்லை. ஏழு வருடத்தில் தவறவிட்டது பத்துப் பன்னிரண்டு நடை இருக்கும். அதே குளம், அதே கரை, அதே சாக்கடை வாடை, ஆகாயத்தாமரை. முதல் வருடம் எனக்கே சலித்தது. புது இடம் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். பெரியவர், "புது இடம் வருசத்துக்கு ஒண்ணு போதும். இந்தக் குளத்துக்குக் கணக்கு யார் எழுதறது?" என்றார்.

கணக்கு என்றால் உண்மையிலேயே கணக்கு. பார்த்ததை எல்லாம் இ-பேர்ட் செயலியில் ஏற்றுகிறோம். நேரம், நடந்த தூரம், ஒவ்வொரு இனத்திலும் எத்தனை. கடைசியில் அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா? ஆம் என்று சொல்ல வேண்டுமானால் காக்கையையும் மைனாவையும் விடக்கூடாது. அரிய பறவையை மட்டும் எழுதினால் அந்தப் பட்டியலை வைத்து எது கூடியது, எது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நாமக்கோழிகள் தண்ணீரில் கருப்புப் புள்ளிகளாகக் கிடக்கும்போது, முதலில் பத்தை எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துப் போக வேண்டும். மூன்று பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுவோம். ஆரம்பத்தில் என் எண்ணிக்கை எப்போதும் மற்றவர்களுடையதில் பாதிதான் இருக்கும்.

இன்னொரு விதி, பெரியவர் போட்டது: தானே பார்க்காததையும் கேட்காததையும் தன் பட்டியலில் எழுதக்கூடாது. பக்கத்து ஆள் சொன்னார் என்பதெல்லாம் செல்லாது.

காதைத் தீட்டியதும் அவர்தான். வலசை வந்த நாணல் கதிர்க்குருவி ஒன்று புதருக்குள் இருந்தது. பழுப்பு நிறம், வெளியே வரவே வராது. உள்ளேயிருந்து இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவதுபோல "டக்... டக்" என்று சத்தம். "கண்ணை மூடிக்க. அடுத்த வாரம் உங்க வீட்டு வேலியில கேட்கும்" என்றார். அடுத்த வாரம் இல்லை, மறுநாளே கேட்டது. தெருமுனைக் கருவேலம் புதரில். பல வருடமாக அங்கே கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

வலசைப் பறவைகள் கிளம்பிய பிறகு, மே மாத நடைக்கு ஐந்து பேர் வந்தால் அதிகம். எனக்குப் பிடித்ததே அந்த மாதம்தான். ஒரு மே மாதம் கரையில் ஆட்காட்டி எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்துக் கூப்பாடு போட்டது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். என் செருப்புக்கு ஒன்றரை அடி தள்ளி, சரளைக்கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். கூடு என்று ஒன்றுமில்லை, லேசான பள்ளம், அவ்வளவுதான். வந்த தடத்திலேயே கால் வைத்துப் பின்வாங்கினோம்.

சரி, குறை. ஒரு வருடம் நவம்பரில் ஒரு தோட்டத்துக்கு ஆறுமணிக்குருவி வந்தது. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை. வந்த புதிதில் களைத்துப்போய்க் கிடக்கும். வாட்ஸப் குழுவில் இடத்தைப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை முப்பது பேர், முழ நீளக் கேமராக்கள். ஒருவர் ஸ்பீக்கரில் அதன் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். அது எதிரி வந்துவிட்டது என்று வெளியே வரும், கிளிக் கிளிக், மறுபடியும் ஒலி. நிறுத்தச் சொன்னதற்குப் பொறுப்பில் இருந்தவரே, "ஒரு நாள்தானே, விடுங்க" என்றார். நான் ஐந்து மாதம் போகவில்லை. அப்புறம் பெரிய வாக்குவாதம் நடந்து, ஸ்பீக்கர் கூடாது, பறவைக் கூடுகளும் ஆந்தையும் ஆறுமணிக்குருவியும் இருக்கும் இடத்தைப் பொதுவில் சொல்லக்கூடாது என்று முடிவானது. சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் தீராத குறை கழிப்பறை. மூன்று மணி நேர நடையில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. நன்றாகப் பார்க்கத் தெரிந்த இரண்டு பேர் இதனாலேயே நின்றுவிட்டார்கள்.

வருடத்துக்கு ஒரு புது இடம் என்ற கணக்கில் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குப் போயிருக்கிறோம். 2022இல் சரணாலயம் ஆனது, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழகத்தில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் என் பையனும் வருகிறான், கரும்பைக் கடித்துக்கொண்டே.

போன மாத நடையில் வேப்பமரத்துக்குக் கீழே நின்றிருந்தோம். மேலே பூக்கொத்தி ஒன்று விடாமல் "டிக் டிக்" என்று கத்திக்கொண்டிருந்தது. சிறு பறவை, சன்னமான குரல். பெரியவர் என்னைப் பார்த்தார்.

"என்ன கேட்கறே?"

சொன்னேன். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"உன் பட்டியல்ல எழுதிக்க கண்ணு. எனக்குக் கேட்கலை" என்று சொல்லிவிட்டு, தன் செல்போனில் காக்கை ஏழு என்று பதிந்தார்.